சன்னல் வழியே சொன்ன பெயர்

லேபில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஸ்லைடு போடுவது எப்படி, எண்ணுவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் படிப்பில் இருக்கிறது. என் காலத்தைவிட நல்ல கருவிகளும் உங்களிடம் இருக்கின்றன. நான் சொல்ல வந்தது வேறு. ஓய்வு வயதுக்கு ஆறு வருடம் முன்பே வேலையை விட்டவன் நான். உடம்புக்கு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஒரு பெண்ணிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல், அவளுக்காக நானே ஒரு முடிவெடுத்தேன். அது இன்னும் என்னை விடவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் தேனியில் ஒரு டாக்டரம்மா நடத்திய சிறிய நர்சிங் ஹோமில் நான் லேப் டெக்னீஷியன். பிள்ளையில்லாத தம்பதிகள் கம்பம், போடி, ஆண்டிபட்டி, வருசநாடு என்று பல ஊர்களிலிருந்தும் வருவார்கள். பாதிப் பேரிடம் குறை கணவனிடம்தான் இருக்கும். உயிரணு எண்ணிக்கை குறைவு, அல்லது இருப்பவை ஓடாது. சோதனைக் குழாயில் பிள்ளை உண்டாக்கும் வித்தை எதுவும் எங்களிடம் இல்லை. கணவனின் சாம்பிளைக் கழுவி, அதன்மேல் சுத்தமான திரவத்தை விட்டு இளஞ்சூட்டில் வைப்போம். வலுவுள்ள உயிரணுக்கள் மேலே நீந்தி வரும். அவற்றை மட்டும் எடுத்து மனைவியின் கர்ப்பப்பைக்குள் செலுத்துவோம். பத்துப் பேரில் ஒருவருக்குப் பலித்தாலே எங்களுக்குத் திருவிழா.

ஆரம்பத்தில் ஒரு தவறு செய்தேன். வருசநாட்டிலிருந்து ஒருவர் சாம்பிளை வீட்டிலிருந்தே கிரைப்வாட்டர் பாட்டிலில் கொண்டுவந்தார். பஸ்ஸில் வரும்போது சூடு ஆறாமல் இருக்க அக்குளில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். பார்த்தேன், ஒன்றுகூட அசையவில்லை. எல்லாம் இறந்தவை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரமே பெண் வீட்டார் வந்து மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு டாக்டரம்மா மறுபடி பரிசோதிக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது, மனைவி அந்தப் பாட்டிலைச் சோப்புத்தூள் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்திருக்கிறாள். கொன்றது சோப்பு. அந்த மனிதருக்குப் பிற்பாடு இரண்டு பிள்ளைகள். இறந்தது என்று எழுதுவதற்கு முன் நான் பாட்டிலை ஒரு தடவை முகர்ந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து கவனமான ஆள் என்று பெயர் எடுத்தேன். நானும் அதை நம்பினேன்.

லேபுக்கும் உள்ளறைக்கும் நடுச்சுவரில் ஒரு சிறு சன்னல் உண்டு. ஒன்றரை அடிச் சதுரம், பலகைக் கதவு. அந்தப் பக்கம் பெண் படுத்திருப்பாள். டாக்டரம்மாவும் ஆயாவும் இருப்பார்கள். இந்தப் பக்கம் நான். தயாரான சாம்பிளைச் சிரிஞ்சில் ஏற்றிச் சன்னல் விளிம்பில் வைப்பேன். ஒரு கை வந்து எடுத்துக்கொள்ளும். முகம் தெரியாது.

ஒருவர் சாம்பிள் இன்னொருவருக்குப் போய்விடக் கூடாதே என்பதுதான் எங்கள் பெரிய பயம். அதனால் படுத்திருக்கும் பெண்ணே கணவன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா ஒரு முறை வைத்தார். முதல் மாதமே அந்த முறை படுத்துவிட்டது. இந்தப் பக்கத்தில் எந்தப் பெண் கணவன் பெயரை வாய்விட்டுச் சொல்வாள்? "எங்க ஊரு மலையில இருக்காகளே, அந்தச் சாமி பேரு" என்றாள் ஒருத்தி. டாக்டரம்மா நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர். எந்த மலை, எந்தச் சாமி என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் மாற்றினோம். நான் சன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து பெயரை வாசிப்பேன். அந்தப் பக்கமிருந்து அவள் "அவுகதான்" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கை வரும்.

இனி முருகேசனையும் சரோஜாவையும் சொல்கிறேன்.

முருகேசன் ஜீப் டிரைவர். போடியிலிருந்து மலைமேல் இருக்கும் மெட்டுக்கு, ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவர். முப்பது வயதிருக்கும். சரோஜா பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி ஆறு வருடம். எங்களிடம் வருவது வீட்டில் யாருக்கும் தெரியாது. வயிற்றுவலிக்குப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வருவார்கள். எந்த ஆஸ்பத்திரி என்றுகூடச் சொல்லியிருக்கவில்லை. இதை நினைவில் வையுங்கள். நான் வைத்திருக்கவில்லை.

நான்கு மாதம் முயன்று நான்கும் வீண். முருகேசனின் சாம்பிளில் மைக்ரோஸ்கோப்பின் ஒரு வட்டத்துக்குள் மூன்று நான்கு உயிரணுக்கள் நகரும். ஒரு மணி நேரத்தில் அவையும் துவண்டுவிடும். அடுத்த மாதமும் பலிக்கவில்லை என்றால் விட்டுவிடுவதாக இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

அந்த ஐந்தாவது மாதம் ஆனிச் சாரல் பிடித்திருந்தது. மேற்கே மலை இருக்கும் இடமே தெரியவில்லை. காலை ஒன்பது மணிக்கு வந்தார்கள். கைக்குட்டையில் சுற்றிய பாட்டிலை முருகேசன் என்னிடம் நீட்டினார்.

"சார், ஒரு ஜீப்புல இருவது பேர ஏத்துறவன் நானு. என்னயப் போயி ஆள் பத்தலைங்கிறீக."

"ஏறுனா மட்டும் போதாது முருகேசன். ஓடணும்."

"அதுவும் எங்க வண்டி மாதிரிதான் சார். நாலு பேரு தள்ளிவிட்டாத்தான் ஓடும்."

சரோஜா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "காலையிலயே ஆரம்பிச்சிட்டாக. போங்க, போங்க. நின்னா நாலு பேரு பாத்துருவாக. நாளைக்குப் போடி பூரா தெரியும்."

ஆண்கள் யாரும் நிற்க மாட்டார்கள். பாட்டிலைக் கொடுத்த கையோடு தெருவுக்குப் போய்விடுவார்கள். முருகேசனும் கிளம்பினார்.

"மெட்டுக்கு ஒரு ட்ரிப்பு போயிட்டு மதியம் வந்து கூட்டிட்டுப் போறேன். எங்கிட்டும் போயிறாத" என்றார்.

"நான் எங்கன போகப் போறேன். படுத்துத்தான கெடக்கணும்."

கழுவும் வேலையில் இருந்தேன். நடுவில் கரண்ட் போய்விட்டதால், குழாய்களைச் சுழற்றக் கையால் சுற்றும் சென்ட்ரிஃபியூஜை எடுக்க வேண்டியிருந்தது. அதன்பின் வழக்கம்போல ஒரு துளியை ஸ்லைடில் வைத்துப் பார்த்தேன். பார்க்கும் நேரத்தைக் குறித்துக்கொள்வது என் பழக்கம். பத்து நாற்பது.

வழக்கத்தைவிட அதிகம் இருந்தன. அது எனக்கு ஆச்சரியமில்லை. மாதத்துக்கு மாதம் மாறும். ஆனால் அவை போன விதத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உயிரணுக்கள் ஆளுக்கொரு பக்கம் போகும், மோதும், திரும்பும். அன்று எல்லாம் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. எதையோ எதிர்த்து ஏறுவதுபோல. ஸ்லைடைத் திருப்பி வைத்தேன். சற்று நேரம் கலைந்தன. பிறகு மறுபடி ஒரே பக்கமாக முகம் திருப்பின. ஸ்லைடு சாய்ந்திருந்து திரவம் ஓடினால் அப்படி ஆகும் என்று புத்தகத்தில் இருக்கிறது. சாய்ந்திருந்தது என்றே வைத்துக்கொள்கிறேன். மேசை சமமாகத்தான் இருந்தது.

பதினொன்றரைக்கு வாசலில் ஒரு பிளசர் கார் வந்து நின்றது. உயரமான ஒருவர் நேராக லேப் கதவுக்கு வந்தார்.

"சார், இங்கன சரோஜான்னு ஒரு பிள்ள, போடிப் பக்கம்..."

"நீங்க?"

"அது புருசனுக்கு அண்ணன். பேரு பெருமாள். தம்பிக்கு ஒரு சின்ன அடி. பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல. போடி ஆஸ்பத்திரியில இருக்கான். பிள்ளையக் கூட்டிட்டுப் போகணும்."

வாட்ச்மேன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். பெருமாள் வேண்டாம் என்று கையைக் காட்டினார். சட்டையில் பித்தான்கள் மாறிப் போடப்பட்டிருந்தன. எட்டிப் பார்த்தேன். காரின் பின்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவை நேராக யாரும் சொல்ல மாட்டார்கள். சின்ன அடி என்பார்கள், மூச்சுத் திணறல் என்பார்கள், உன்னைப் பார்க்கணும் என்கிறார் என்பார்கள். தெருமுனையில் பந்தலைப் பார்த்த பிறகுதான் போகிறவளுக்குத் தெரியும். என் அப்பா இறந்ததையும் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். சின்ன அடிக்கு யாராவது கார் பிடித்து, கூடவே இரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு வருவார்களா? முருகேசன் போய்விட்டார் என்று எனக்கு அந்தக் கணமே நிச்சயமாகிவிட்டது.

"உள்ள டாக்டரம்மா பாத்துக்கிட்டிருக்காக. கொஞ்ச நேரம் ஆகும்" என்றேன்.

"எம்புட்டு நேரம்?"

"ஒரு மணி நேரம் வச்சுக்கங்க."

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். "கொஞ்சம் வெரசா விடச் சொல்லுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். இளஞ்சூட்டு நீரில் இரண்டு குழாய்கள் நின்றன. இவ்வளவு நல்ல சாம்பிள் இந்த ஆளிடமிருந்து வந்ததில்லை. இனி வரவும் போவதில்லை. டாக்டரம்மாவிடம் சொன்னால் நிறுத்திவிடுவார். சரோஜாவிடம் சொன்னால் எழுந்து ஓடுவாள். இரண்டு மணி நேரம் கழித்து இந்தக் குழாய்கள் எதற்கும் உதவாது. அதோடு அவளுக்கு எல்லாம் முடிந்துவிடும்.

என் மகளுக்கும் அவள் வயதுதான். கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. ஒவ்வொரு மாதமும் அவள் கடிதத்தை என் மனைவி பிரிக்கும்போது நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். அன்று நான் ஒரு டெக்னீஷியனாக யோசிக்கவில்லை. ஒரு அப்பனாக யோசித்தேன். ஒரு மணி நேரம் கழித்துச் சொன்னால் செத்தவன் கோபித்துக்கொள்ளப் போகிறானா என்று யோசித்தேன். அழுவதற்கு அவளுக்கு ஆயுசு முழுக்க இருக்கிறது என்று யோசித்தேன். நான் நல்லது செய்வதாக முழுமனதோடு நம்பினேன். உங்களை எச்சரிப்பது அந்த நம்பிக்கையைப் பற்றித்தான்.

சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு சன்னல் கதவைத் திறந்தேன். அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது.

"அவுக வந்துட்டாக போல. வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டுச்சே." அது சரோஜா.

"ஆமா, மதியம் வாரேன்னு போன மனுசன் பொண்டாட்டியத் தேடிப் பதினோரு மணிக்கே ஓடியாந்துட்டாராக்கும்" என்றாள் ஆயா. சரோஜா சிரித்தாள். பிறகு சன்னல் பக்கமாகக் குரலை உயர்த்தினாள்.

"சார், வந்திருக்காகளா?"

"வண்டி வந்திருக்கும்மா. அசையாமப் படுத்திருங்க."

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

"பேரு?" என்றார் டாக்டரம்மா.

செத்துப் போன ஒருவனின் பெயரைக் கூப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன்.

"முருகேசன்."

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தம் இல்லை. மழை ஓட்டில் விழும் சத்தம் மட்டும். பிறகு, வாசலில் நிற்பவரைப் பார்த்துச் சொல்வதுபோல, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்.

"அவுகதான்."

கை வந்தது. எடுத்துக்கொண்டு போனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன். பன்னிரண்டு ஐந்து.

அதன்பின் அரை மணி நேரம் படுத்திருக்க வேண்டும். அது முடியும்வரையும் சொல்லாமல் இருந்தேன். பன்னிரண்டு நாற்பதுக்கு அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். நான் லேப் திரைக்குப் பின்னால் நின்றேன். போய்ச் சொல்லும் தைரியம் இல்லை. அவள் வாசல்படியில் நின்று காரையும் பெண்களையும் பெருமாளையும் பார்த்தாள். "அவுக எங்க?" என்றாள். காருக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டது. கார் போய்விட்டது. டாக்டரம்மா யார் வந்தது என்று கேட்டார். வீட்டு ஆட்கள் என்றேன்.

மாலை நான்கு மணிக்கு வாட்ச்மேன் பஸ் ஸ்டாண்டிலிருந்து செய்தி கொண்டுவந்தார். போடிமெட்டுப் பாதையில் ஜீப் கவிழ்ந்துவிட்டது, டிரைவர் போய்விட்டான். ஏற்றத்தில் காலி வண்டியாகப் போயிருக்கிறார். பத்தரை மணி அளவில் நடந்தது. நான் எனக்குத் தெரிந்ததுதானே என்பதுபோலத் தலையாட்டினேன். மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்கவில்லை.

இரண்டாவது குழாய் நீரில் அப்படியே இருந்தது. ஒரு துளியை எடுத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரத்துக்குமேல் தாங்காத மனிதரின் உயிரணுக்கள் ஆறு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தன. சிங்க்கில் ஊற்றக் கை வரவில்லை. மறுநாள் காலை வந்தவுடன் பார்த்தேன். அந்த நேரம் போடியில் சாவு வீட்டில் கூட்டம் கூடியிருக்கும். வட்டத்துக்குள் இரண்டு இன்னும் அசைந்தன. மதியம் ஒன்று மட்டும் அசைந்தது. ஆளை எரித்த பிறகும் அவனுடைய ஏதோ ஒன்று என் கண்ணுக்குக் கீழே தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்து, நின்ற பிறகுதான் ஊற்றினேன்.

மூன்று மாதம் கழித்துப் பெருமாளும் சரோஜாவும் டாக்டரம்மாவின் அறைக்கு வந்தார்கள். என்னையும் பதிவேட்டோடு வரச் சொன்னார்கள். சரோஜாவின் நெற்றி வெறுமையாக இருந்தது. கை வயிற்றின்மேல் இருந்தது. பலித்துவிட்டது.

"நான் இந்தப் பிள்ளையச் சந்தேகப்படல" என்றார் பெருமாள். "ஆனா ஊரு பேசுது. ஆறு வருசமா உண்டாகாதவ, புருசன் செத்தப்புறம் உண்டாயிருக்காங்கிறாக. இங்கன வைத்தியம் பாத்தேன்னு இது சொல்லுது. எழுத்துல என்னமும் இருந்தாக் காட்டுங்க. பெரியவுகளுக்குக் காட்டணும்."

"காட்டலாமா?" என்று டாக்டரம்மா சரோஜாவிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள். நான் பக்கத்தைத் திறந்து வைத்தேன். பெருமாள் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். விரல் நேரத்தில் வந்து நின்றது.

"பன்னெண்டு அஞ்சா? நான் வாசல்ல நிக்கயிலயா?"

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்து, பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். போடி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது. இறந்த நேரம் பன்னிரண்டு பத்து.

எனக்குப் புரியவில்லை. "ஜீப்பு கவுந்தது பத்தரைக்குன்னாகளே" என்றேன்.

"கவுந்தது அப்பத்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாந்து ஒரு மணி நேரத்துக்கு மேல உசுரோடதான சார் இருந்தான். பேசுனான். அவன்தான எனக்கு இந்த எடத்தையே சொன்னது. வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாதே. சரோஜா தேனியில இந்த ஆஸ்பத்திரியில இருக்கா, வெரசாப் போயிக் கூட்டிட்டு வான்னான். நான் இங்கன நிக்கயில, அங்கன நர்ஸம்மாகிட்ட ரெண்டு தடவ கேட்டிருக்கான், வந்துட்டாளான்னு."

யாருக்கும் தெரியாத இடத்தை இவருக்கு யார் சொல்லியிருக்க முடியும்? அன்று அந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றியிருந்தால் போதும். வாசலில் நின்ற காரையும், மாறிப் போட்ட பித்தானையும், வாயில் வைத்த முந்தானையையும் படித்தேன். உயிரோடு இருந்தவனைச் செத்தவன் என்று எடுத்துக்கொண்டேன். தேனியிலிருந்து போடிக்குக் காரில் இருபத்தைந்து நிமிடம். பதினொன்றரைக்குக் கிளம்பியிருந்தால் அவள் போய்ச் சேர்ந்திருப்பாள்.

சரோஜா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி வந்திருக்குன்னு சொன்னீகளே சார். அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"இறந்துட்டாருன்னு நெனச்சேம்மா."

"நெனச்சீக." "நான் அவுக வெளியில நிக்காகன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். சிரிச்சுக்கிட்டே கெடந்தேன்."

"எனக்கும் பங்கிருக்கு ஆத்தா" என்றார் பெருமாள். "உசுருக்குப் போராடுறான்னு நான் சொல்லியிருக்கணும். ஊருல எல்லாரும் சொல்ற மாதிரியே சின்ன அடின்னுட்டேன்."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. "கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல சார். ஓடியிருந்தா அவுக மொகத்தப் பாத்திருப்பேன், வயித்துல இது இருந்திருக்காது. இங்கனயே படுத்திருந்தா, அது நானா எடுத்த முடிவா ஆயிருக்கும். இப்ப உங்களத் திட்டவும் முடியல. கும்பிடவும் முடியல. ரெண்டையும் நீங்களே எடுத்துக்கிட்டீக."

அவர்கள் போன பிறகு டாக்டரம்மா பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்."

"தெரியும்மா. அதனாலதான் சொல்லல."

அவர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அதன்பிறகு சன்னலில் பெயரை வாசிக்கும் வேலையை எனக்குத் தரவில்லை. அவரே இந்தப் பக்கம் வந்து பெயர்ச் சீட்டை எடுத்துப்போய், படுத்திருப்பவளின் காதருகே குனிந்து வாசித்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டுக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் ஐந்து நிமிட வித்தியாசம். எங்கள் லேப் கடிகாரம் சாவி கொடுத்து ஓட்டுவது. வாரக் கடைசியில் மெதுவாகும். திங்கட்கிழமை ரேடியோவைக் கேட்டுச் சரிசெய்வேன். அது ஒரு சனிக்கிழமை. அந்தத் திங்கட்கிழமை எத்தனை நிமிடம் தள்ளி வைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நான் பெயரைச் சொன்னதும், அவள் அவுகதான் என்றதும், அங்கே அவர் இரண்டாம் தடவை கேட்டதும் எந்த வரிசையில் நடந்தன என்று எனக்குத் தெரியாது. சாரல் விழும் நாட்களில் அந்த ஒரு நொடி நிசப்தம் மட்டும் காதில் வந்து நிற்கிறது.

என் மகள் இப்போது மதுரையில் ஒரு டாக்டரிடம் இதே வைத்தியத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். மாதத்தில் ஒரு நாள் அவளும் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறாள். இந்தப் பக்கம் நிற்பவனை எனக்குத் தெரியாது. நல்லவனாகத்தான் இருப்பான். எனக்கு அதுதான் பயம். அவளுக்கு எது நல்லது என்று அவனுக்கும் சட்டென்று நிச்சயமாகிவிடலாம்.

சரோஜாவுக்குப் பையன் பிறந்தான். பெருமாள் முன்நின்று எல்லாம் செய்தார் என்று கேள்விப்பட்டேன். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அவனுக்கு நாலு வயதிருக்கும்போது. விட்டு விட்டுக் காய்ச்சல். மலேரியா இருக்கிறதா என்று பார்க்க டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தார். வரிசையில் அவனோடு நின்றாள். தையல் வேலை செய்வதாக யாரோ சொல்லியிருந்தார்கள். விரலில் தழும்புகள் இருந்தன.

முறை வந்ததும் என்னைப் பார்த்தாள். "வேற ஆளு இல்லையா சார்?"

"இன்னைக்கு நான் மட்டுந்தாம்மா."

பையனை ஸ்டூலில் உட்கார வைத்தாள். நான் அவன் விரலைப் பிடித்துப் பஞ்சால் துடைத்தேன். ஊசியை எடுத்ததும் அவள் கை குறுக்கே வந்தது.

"இருங்க."

அவன் முகத்துக்கு நேராகக் குந்தி உட்கார்ந்தாள். "இந்தச் சார் ஒன் வெரல்ல ஊசியால குத்துவாரு. வலிக்கும். ரத்தம் வரும். அதப் பாத்தாத்தான் காய்ச்சலுக்கு என்ன மருந்துன்னு தெரியும். குத்தட்டுமா?"

அவன் ஊசியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தலையை இடமும் வலமுமாக ஆட்டினான்.

"வேணாங்கிறான்" என்றாள் என்னிடம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "ஏத்தா, பச்சப் பிள்ளைகிட்ட என்ன பஞ்சாயத்து? அமுக்கிப் பிடிச்சுக் குத்தச் சொல்லு" என்றாள் ஒரு கிழவி. "எங்களுக்குப் பஸ்ஸு போயிரும்."

சரோஜா திரும்பவில்லை. நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவனைச் சமாதானப்படுத்த எனக்கு நூறு வார்த்தை தெரியும். இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளிடம் சொல்லிவந்தவை. ஒன்றையும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் போயிருக்கும், பத்தும் இருக்கலாம். வரிசையில் இரண்டு பேர் கிளம்பிப் போனார்கள்.

பையன் நான் துடைத்து வைத்திருந்த விரலை மடக்கிக்கொண்டான். மற்றக் கையை மடியிலிருந்து எடுத்து, சுண்டு விரலைத் தனியாகப் பிரித்து, என் முன்னால் நீட்டினான்.

"இதுல" என்றான்.